ஏடு யார் கையில்?

சென்னை நகருக்குப் பிறந்த நாள் உண்டு. பிறப்புச் சீட்டு இல்லை! ஆண்டுதோறும் ஆகஸ்ட் 22-ஆம் நாளைக் கொண்டாடுகிறார்கள். சொற்பொழிவு நடக்கிறது; பழைய படங்களின் காட்சி நடக்கிறது; பழந்தெருக்களைச் சுற்றிக் காட்டுகிறார்கள். நல்ல செயல்தான், நாமும் வரவேற்கிறோம். ஆனால் அந்த நாளுக்குச் சான்று எது, மூல ஏடு எங்கே என்று கேட்டால், கேள்விதான் மிஞ்சுகிறது. மூல ஏடு இல்லை. எஞ்சியவை படிகள் மட்டுமே.

1639-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, கோட்டை கட்டிக்கொள்ள ஒரு துண்டு நிலம் தேடி இந்தக் கடற்கரைக்கு வந்தார். அன்று இப்பகுதி தாமர்ல வேங்கடப்ப நாயக்கரின் ஆட்சியில் இருந்தது. அவர் தங்கியிருந்தது வந்தவாசியில். அவருடைய உடன்பிறந்தார் அய்யப்ப நாயக்கர் இருந்தது பூந்தமல்லியில். இவர்களின் தந்தை சென்னப்ப நாயக்கர். அவர் பெயரால்தான் சென்னப்பட்டினம் எழுந்தது என்பர் வரலாற்றாசிரியர் பலர். வந்தவாசியில் இருந்தவர் உரிமை தந்தார். பூந்தமல்லியில் இருந்தவர் அதற்குத் துணை நின்றார். வணிகர் கோட்டை கட்டினர். பின்னர் நடந்தவற்றை நாடறியும்.

அந்த உரிமை ஏட்டின் படிகள் ஒத்த குரலில் பேசவில்லை. படி ஒன்றில் ஜூலை 22 என்று நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. டே இங்கு வந்து சேர்ந்ததோ ஜூலை 27-க்கு முன்னர் அன்று. வராதவருக்கு வரம் தந்தது எப்படி? ஆதலால் மாதத்தைப் பிழையாக எழுதியிருப்பர், ஆகஸ்ட் 22-ஆக இருத்தல் வேண்டும் என்று கருதினர் ஆராய்ந்தோர். ஒரு மாநகரின் பிறந்த நாளே, படி எடுத்தவரின் கைப்பிழையைச் சார்ந்து நிற்கிறது. மூலத்தைக் காக்காத நாடு, ஊகத்தைக் கொண்டாட வேண்டியிருக்கிறது.

நகரின் கதி இதுவென்றால், நான்கு சென்ட் மனைக்காரரின் கதி என்ன? ஏர் பிடித்தவன் காணியின் கதி என்ன? பூந்தமல்லியின் இந்தப் பழங்கதையிலிருந்து நாம் மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறோம். ஏட்டை எழுதுவது யார்? ஏட்டைப் படிப்பது யார்? ஏட்டைக் காப்பது யார்? ஓலை காலத்திலும் இவைதாம் கேள்விகள். தாள் காலத்திலும் இவைதாம். கணினித் திரையில் ஏடு ஒளிரும் இக்காலத்திலும் இவைதாம். மின்னாவணம் பற்றி ஆராய்வோர், ஆக்குதல், கையாளுதல், பேணுதல் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகின்றனர். பெயர் புதிது, பிரச்சினை பழையது.

சோழர் காலத்தைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். அரசன் வாய்மொழியாக ஆணையிட்டால் அது காற்றோடு போய்விடவில்லை. அதைத் திருமந்திர ஓலை எழுதுவோன் எழுதினான். திருமந்திர ஓலை நாயகம் என்னும் மேலதிகாரி ஒப்பம் தந்தார். வரிப்பொத்தகம் என்னும் நிலக்கணக்கில் அது ஏறியது. ஏற்றியோர் பெயரும் எழுதப்பட்டது. அதன்பின் ஊர்ச் சபைக்கு ஓலை சென்றது, செம்பில் பொறிக்கப்பட்டது, கோயிற்சுவரில் வெட்டப்பட்டது. ஓர் ஆணை, படிகள் பல, கைகள் பல, கையொப்பங்கள் பல. ஒருவர் மாற்ற நினைத்தாலும் மற்றொரு படி காட்டிக்கொடுக்கும். ஆவணத்தைப் பேணும் கலை நமக்கு நேற்று வந்ததன்று.

ஆனால் பெருமை பேசி நிறுத்திவிடுவோர் கூட்டத்தில் நாம் சேர்வதற்கில்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. முதலாம் பராந்தகன் காலத்தவை. குடவோலைத் தேர்தலின் விதிகளை அவை விளக்குகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் நிற்கக் கூடாது. அவன் உறவினரும் நிற்கக் கூடாது என்கிறது விதி. எவ்வளவு கண்டிப்பு! பாராட்டுகிறோம். ஆனால் அதே கல்வெட்டு, நிற்பவனுக்குச் சொந்த நிலமும் சொந்த மனையும் வேண்டும், மறை பயின்றிருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. கல்லிலே எழுத்து, எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கணக்குக் கேட்கும் உரிமையோ ஒரு சிலருக்கே இருந்தது. கண்ணுக்குத் தெரிவது வேறு, கருத்துக்கு எட்டுவது வேறு. இந்த வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும். இன்றைய திரைக்கும் அது பொருந்தும்.

பேரரசுகள் போயின, ஊர்க்கணக்கு மட்டும் போகவில்லை. அது ஓலையில், கணக்கப்பிள்ளையின் வீட்டுப் பரணில் வாழ்ந்தது. 1763-இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, பூந்தமல்லியைச் சூழ்ந்த செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக விட்டார். சீமை கைக்கு வந்தது. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்பது கம்பெனிக்குத் தெரியவில்லை. தாமஸ் பர்னார்ட் என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். எத்தனை வீடு, எத்தனை ஏரி, எவ்வளவு நன்செய், எவ்வளவு புன்செய், கோயிலுக்கு எவ்வளவு, கொல்லனுக்கு எவ்வளவு, தச்சனுக்கு எவ்வளவு, தலையாரிக்கு எவ்வளவு—எல்லாம் கணக்கப்பிள்ளைகளின் தமிழ் ஓலையில் எழுந்தன.

அந்த ஆங்கிலச் சுருக்கம் சென்னை ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தமிழ் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பின்னாளில் இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், ஆங்கிலத்தில் சுருங்கியது தமிழில் விரிந்திருக்கக் கண்டனர். படி எடுக்கும்போது எதை விடுவது என்று முடிவு செய்பவன், வரலாற்றில் எது வாழும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறான்.

ஓலையை எழுதியவனுக்கு ஊரில் இருந்த செல்வாக்கை, நம் மக்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டனர்: கணக்கனைப் பகைத்தாயோ, காணியை இழந்தாயோ! உழுதவன் வயலில் நின்றான். வயல் யாருடையது என்ற விடை கணக்கனின் கட்டுக்குள் நின்றது. எழுத்தாணி கொண்டவன் ஏரைக் கொண்டவனை ஆண்டான். அந்த எழுத்தாணியும் திறமைக்குக் கிடைத்த பரிசு அன்று. தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று ஒரு சில குலங்களின் பிறப்புரிமையாக நின்றது. வெள்ளைக்காரன் அதை ஒழித்தானா? இல்லை, 1895-இல் பரம்பரைக் கிராம அலுவலர் சட்டம் என்று ஒன்றை இயற்றி, அந்தப் பிறப்புரிமைக்கு முத்திரை குத்தித் தந்தான்.

விடுதலை வந்தது, அரசியல் சட்டம் வந்தது. 1960-இல் உச்சநீதிமன்றம், பிறப்பின் பேரால் ஊர்ப்பதவி தருவது சமத்துவத்துக்கு முரண் என்று, அந்த 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பரம்பரைப் பிரிவைச் செல்லாததாக்கியது. தமிழ்நாட்டில் 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை அடியோடு ஒழித்தது. வழக்குத் தொடுத்தனர், 1982-இல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர், பரம்பரைக் கணக்கரின் இடத்தில் அமர்ந்தார். வீட்டுப் பரணிலிருந்த ஊர்க்கணக்கு அலுவலகத்துக்கு வந்தது. ஆரவாரம் இல்லாமல் நடந்த பெரிய மாறுதல் இது. எழுதுவது யார் என்ற முதற்கேள்விக்கு, பிறப்பு அன்று, படிப்பே விடை என்று நாடு சொன்னது.

ஆனால் எழுதுவோன் மாறினால் போதுமா? எழுதியதைப் படிக்க வேண்டாவா? இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம்.

நெடுங்காலம் அலுவலக ஏடு ஆங்கிலத்தில் இருந்தது. தன் வழக்கின் தீர்ப்பைத் தானே படிக்க முடியாதவனாக, தமிழன் தன் நாட்டிலேயே பிறர் வாய் பார்த்து நின்றான். 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. தமிழ் ஆட்சிமொழி ஆயிற்று. சட்டம் வந்தால் போதாது. எழுதும் கருவி வேண்டுமே! ஆங்கிலத் தட்டச்சுப் பொறிக்கு 26 எழுத்து. தமிழுக்கோ உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமும் சேர்ந்து 247. இத்தனையையும் ஒரு பொறிக்குள் அடைப்பது எங்ஙனம் என்று மலைத்தனர். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கைக்கும் சென்று உழைத்த ஆர். முத்தையா அந்த மலைப்பை உடைத்தார். அழுத்தினால் எழுத்து விழும், உருளை நகராது; அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும். இந்த நகரா விசை என்னும் ஏற்பாட்டால் புள்ளியும் கொம்பும் விசிறியும் தத்தம் இடத்தில் அமர்ந்தன. அலுவலகத்தில் தமிழ் ஏடு பிறக்க வழி பிறந்தது.

எழுத்தையே எளிதாக்கினால் அச்சுக்கும் எளிது, கற்பார்க்கும் எளிது என்று பெரியார் 1935-இலேயே தம் ஏட்டில் புதிய வடிவங்களைப் புழக்கத்தில் விட்டார். எள்ளி நகையாடினர் அன்று. 1978-இல் தமிழ்நாடு அரசு அந்த வடிவங்களை ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகள் இன்றைய உருவம் பெற்றன. இன்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குப் பழைய உருவம் ஒன்று இருந்தது என்பதே தெரியாது. சீர்திருத்தம் வெற்றி பெற்றதன் அடையாளம் அதுவே: அது நடந்ததே மறந்துபோகும்!

பிறகு கணினி வந்தது. கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண் மட்டுமே தெரியும். 'அ' என்ற எழுத்துக்கு இன்ன எண் என்று ஏற்பாடு செய்துகொண்டால், அந்த எண்ணைக் காணும்போதெல்லாம் 'அ' என்று திரையில் வரையும். இந்த ஏற்பாட்டுக்குக் குறியேற்றம் என்று பெயர். 1980-களிலும் 1990-களிலும் நடந்தது என்ன? எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் எண் வரிசை வகுத்துக்கொண்டார். ஒருவர் எண்ணில் 'அ' என்பது மற்றவர் எண்ணில் 'ழ'. சென்னையில் அடித்த மடல் சிங்கையில் திறந்தால், பொருளற்ற கிறுக்கலாகத் தெரிந்தது. எழுதியவன் தமிழன்; படிப்பவன் தமிழன்; எழுதப்பட்டதும் தமிழ்; ஆனால் இடையிலே நின்ற எழுத்துரு இருவரையும் அந்நியராக்கியது.

உலகெங்கும் இருந்த தமிழறிந்த வல்லுநர் இதற்குத் தீர்வு தேடினர். 1997-இல் சிங்கப்பூரில் கூடினர். அதில் முன்நின்ற நா. கோவிந்தசாமியின் உழைப்பு போற்றத்தக்கது. 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூடியது. அவ்வாண்டு ஜூனில், கலைஞர் முதல்வராக இருந்த அரசு, தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களையும் பொதுத்தரமாக அறிவித்தது. 2000-இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறி என்னும் யூனிகோடும், அது இயலாத இடத்தில் தமிழ் அனைத்து எழுத்துருக் குறியேற்றமும் அரசின் தரம் என்று ஆணை பிறந்தது.

ஒருங்குறி 1991 முதலே உலகில் உண்டு. தமிழுக்கு அதில் 128 இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதிலும் குறை சொல்வோர் உண்டு. 'கொ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். 'க' என்ற எண்ணும் ஒகரக் குறியின் எண்ணும் சேர்த்து எழுதலாம். 'க' என்ற எண்ணோடு ஒற்றைக் கொம்பின் எண்ணும் காலின் எண்ணும் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எண்ணுக்கு இரண்டும் வேறு. இரண்டையும் ஒன்றென்று கொள்ளும் விதியை ஒருங்குறியே வகுத்திருக்கிறது. அவ்விதியைப் பின்பற்றாத நிரலில் தேடினால், இருக்கும் ஆவணமே இல்லை என்று விடை வரும். எழுத்துக்கு வந்த இந்தத் தொல்லை ஊர்ப்பெயருக்கும் உண்டு. பூந்தமல்லி என்கிறது மக்கள் நா. பூவிருந்தவல்லி என்கிறது அரசுப் பலகை. பூனமல்லி என்று எழுதியது ஆங்கிலேயன் பேனா. மூன்றும் ஓர் ஊர் என்று மனிதன் அறிவான். சொல்லித் தராத வரையில் பொறி அறியாது.

2020 ஜூனில், 1,018 ஊர்களின் பெயர்களை ஆங்கிலத்தில் தமிழ் ஒலிப்புப்படி எழுதுவதற்கான அரசாணை வெளிவந்து, அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. பெயரை மாற்றுவது ஒரு கையெழுத்தில் முடியும். பழைய பெயரில் கிடக்கும் ஆவணங்களைப் புதிய பெயரோடு பிணைப்பதே பேருழைப்பு. அந்தப் பிணைப்புக் குறிப்பை ஒவ்வோர் ஆவணத்தோடும் சேர்த்து வைத்தால்தான், பாட்டன் பெயரில் இருந்த பத்திரத்தைப் பேரன் தேடிக் கண்டெடுக்க முடியும்.

இனி நிலத்துக்கு வருவோம். பூந்தமல்லியைச் சுற்றி நேற்றைய வயல் இன்றைய மனை. நேற்றைய ஏரிக்கரை இன்றைய பெருஞ்சாலை. நிலத்தின் விலை ஏற ஏற, ஏட்டின் விலையும் ஏறுகிறது. தமிழ்நாட்டில் பத்திரப்பதிவைக் கணினிக்குக் கொண்டுவரும் திட்டம் 2000-இல் தொடங்கியது. 2018-இல் இணையவழிப் பதிவாக வளர்ந்தது. பட்டாவையும் சிட்டாவையும் அ-பதிவேட்டையும் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். வில்லங்கச் சான்றுக்கு நாள் கணக்கில் நடந்த காலம் போயிற்று. இதைக் குறைத்துப் பேசுவோர் அன்று நடந்த கால்களின் வலியை அறியாதவர்.

ஆனால் திரையில் வந்ததெல்லாம் திருந்தி வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1979 முதல் 1987 வரை, யு.டி.ஆர். என்று அலுவலக வழக்கில் சொல்லப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. ஊர்தோறும் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன. அப்போது பெயர் தவறியவர் உண்டு. பரப்பு குறைந்தவர் உண்டு. பங்காளி பெயர் மட்டும் ஏறித் தம் பெயர் விடுபட்டவர் உண்டு. அந்தத் தாள்தான் பின்னர்க் கணினிக்குள் சென்றது. பிழையும் உடன் சென்றது! தாளில் இருந்தபோது பிழை என்று வாதாடினோம். கணினியில் ஏறியபின், கணினியே சொல்கிறது என்று நம்மையே மறுக்கின்றனர். பொறி பொய் சொல்லாதுதான். ஆனால் சொல்லித் தந்த பொய்யைச் சோர்வின்றிச் சொல்லும்.

இதில் ஏழைக்கு வரும் கேடு எத்தகையது என்பதற்கு, இதே பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் வரலாறே சான்று. 1891-இல் மாவட்ட ஆட்சித்தலைவர் டிரெமென்ஹீர், இம்மாவட்டத்தின் தாழ்த்தப்பட்ட மக்கள் நிலமின்றி, வாழும் குடிசைக்கும் உரிமையின்றி அல்லலுறுவதை அறிக்கையாக எழுதினார். அதன் பயனாக 1892-இல் அரசாணை பிறந்தது. அம்மக்களுக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. மற்றவர்க்கு விற்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு தரப்பட்ட அந்நிலமே பஞ்சமி நிலம். காலம் சென்றது, நிலம் கைமாறியது. பதிவேட்டின் பழைய பக்கத்தில் நிபந்தனை நின்றது. புதிய பக்கத்தில் வேறொருவர் பெயர் நின்றது. அந்நிலத்தை மீட்க 1994-இல் காரணையில் எழுந்த போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர். ஒரு பழைய பக்கம் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்திருந்தால், இவ்வளவு தொலைவு நிலம் கைமாறியிருக்குமா? எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

ஆகவே நாம் கேட்பது, இன்றைய பெயரை மட்டும் காட்டும் ஏடு அன்று. நேற்று யார், அதற்கு முன் யார், எந்த நாளில், எந்த ஆணையால், எவர் கையால் மாற்றம் நடந்தது என்று அனைத்தையும் காட்டும் ஏடு. ஓலையில் கீறினால் வடு தெரியும். தாளில் அழித்தால் தடம் தெரியும். திரையிலோ, தடம் பதிக்கும்படி நிரல் எழுதப்படாவிட்டால், மாற்றியதன் சுவடே இராது. பழைய மோசடிக்குக் கத்தியும் மையும் வேண்டியிருந்தன. புதிய மோசடிக்கு ஒரு விசை போதும். அதைத் தடுக்கும் கருவியும் உண்டு. ஆவணத்தின் எழுத்தனைத்தையும் கணக்கிட்டு ஒரு குறுகிய எண்ணாக்கி வைத்துக்கொண்டால், ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். மனிதனுக்குக் கைரேகை போல, ஆவணத்துக்கு அந்த எண். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னாவணத்துக்கும் மின்கையொப்பத்துக்கும் சட்டத் தகுதி தந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சான்றுச் சட்டமும், மின்னாவணத்தைச் சான்றாக ஏற்கும் முறையை விளக்குகிறது. கருவி இருக்கிறது, சட்டம் இருக்கிறது, கேட்கும் மக்கள் வேண்டும்.

இன்னும் ஒன்று. பழைய தாளைப் படம் எடுத்துக் கணினியில் வைத்துவிட்டால் மின்னாவணம் ஆகிவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. படம் படமே. மனிதக் கண் படிக்கும்; பொறி தேடாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் எழுத்துணரி என்னும் நிரல் வேண்டும். அச்சுத் தமிழை அது பெரிதும் அறிந்துகொள்கிறது. பழைய கையெழுத்தையும், புள்ளியிடாத ஓலையையும் அறிவதற்கு இன்னும் ஆராய்ச்சி வேண்டும். புள்ளி இல்லாத ஓலையில் மெய் எது, உயிர்மெய் எது என்று பொருள் நோக்கித்தான் தெளிய வேண்டும். தமிழறிந்தவரும் கணினி அறிந்தவரும் ஒருங்கே அமர்ந்தாலன்றி இப்பணி முடியாது. ஒருவரையொருவர் எட்டிப் பார்க்காத துறைகளாக இருவரும் பிரிந்து நிற்பது அறிவுடைமை ஆகாது.

மூன்றாம் கேள்வி: காப்பது யார்? 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் அவற்றோடு போயின. ஓர் இடத்தில் மட்டும் இருந்த அறிவைக் கொல்ல ஒரு தீக்குச்சி போதுமானதாயிற்று. அந்தப் புண்ணிலிருந்தே பாடம் கற்றுக்கொண்டனர் ஈழத்தவர். 2005-இல் நூலகம் என்னும் மின்னூலகம் தொடங்கி, ஈழத்து ஏடுகளைப் பல்லாயிரக்கணக்கில் படியெடுத்து உலகுக்கு விரித்தனர். அதற்கு முன்பே 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முன்நின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். சம்பளம் இல்லை, சன்மானம் இல்லை. உலகின் பல மூலைகளிலிருந்து தமிழர் தட்டச்சு செய்து இலக்கியங்களை ஏற்றினர். தமிழ் இணையக் கல்விக்கழகமும் 2017 முதல் மின்னூலகம் நடத்துகிறது. படிகள் பல ஆனால் பகைவனின் தீ தோற்கும்.

தீ மட்டுமே பகை என்று எண்ண வேண்டா, காலமும் பகை. இங்கிலாந்தில் 1086-இல் எழுதிய டூம்ஸ்டே நிலக்கணக்கு ஏட்டை, 900 ஆண்டு கழித்தும் எடுத்துப் படிக்கலாம். அதன் 900-ஆம் ஆண்டு நினைவாக 1986-இல் பி.பி.சி. நிறுவனம் நாட்டு மக்களின் செய்திகளைத் திரட்டி லேசர்த் தட்டில் பதிந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள்ளாகவே அத்தட்டைப் படிக்கும் பொறி அரிதாகிவிட்டது. ஆராய்ச்சியாளர் பெரிதும் முயன்று உள்ளடக்கத்தை மீட்டனர். தோல் ஏடு 900 ஆண்டு. ஒளித்தட்டு 15 ஆண்டு! நம் முன்னோர் ஓலை நைந்துபோகுமுன் புதிய ஓலையில் படி எழுதினர். மின்னாவணத்துக்கும் அதுவே விதி. பொறி பழையதாகுமுன் புதிய பொறிக்கு மாற்ற வேண்டும். ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் அடங்காத பொதுவடிவில் வைக்க வேண்டும். 1990-களில் தனித்தனி எழுத்துருவில் அடித்து நெகிழ்தட்டில் வைத்த தமிழ்க் கோப்புகள் எத்தனை அலுவலக அலமாரிகளில் உறங்குகின்றனவோ! அவற்றை எழுப்பி ஒருங்குறிக்குக் கொண்டுவருவது, ஏட்டுச்சுவடி தேடி ஊரூராக அலைந்த பணிக்குச் சற்றும் குறைந்ததன்று.

எல்லாம் திரைக்கு வந்தபின்னும், பூந்தமல்லியின் அலுவலக வாசல்களில் நிற்பவரைப் பாருங்கள். கையில் பழுப்பேறிய பத்திரம், கண்ணில் கலக்கம். பொறியைத் தொடத் தெரியாத முதியவருக்குப் பொறியைத் தொடுபவர் சொல்வதே வேதம். அன்று கணக்கனின் கட்டுக்குள் இருந்த காணி, இன்று கடவுச்சொல்லின் கட்டுக்குள் இருக்கிறது. பிறப்பால் வந்த ஏகபோகத்தை ஒழித்த நாடு, பொறியறிவால் வரும் ஏகபோகத்தை வளரவிடலாமா? கணக்கரின் பிள்ளை மட்டும் படித்த காலம் போய், எல்லார் பிள்ளையும் படிக்கும் காலம் வந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகள் தாத்தாவின் பட்டாவைத் தாமே எடுத்துப் படித்துக் காட்டட்டும். பிழை இருந்தால் தாமே மனு எழுதட்டும். அதற்கு ஏற்ற எளிய தமிழில் ஏடு இருக்கட்டும். சட்டச் சொல்லடுக்கில் சிக்கிக் கிடக்கும் பத்திர நடையும் திருந்தட்டும்.

அரசிடம் நாம் கேட்பவை நான்கு. தமிழ் ஆவணம் அனைத்தும் பொதுக்குறியேற்றத்தில் இருத்தல் வேண்டும். மாற்றம் ஒவ்வொன்றும் தடத்தோடு நிற்றல் வேண்டும். பழைய பதிவேடுகள், சிறப்பாகப் பஞ்சமி நிலப் பதிவுகள், தேடிப் படிக்கும் எழுத்துவடிவில் மக்கள்முன் வருதல் வேண்டும். படிகள் ஓர் ஊரில் அன்றிப் பல ஊர்களில் காக்கப்படுதல் வேண்டும். மக்களிடம் நாம் கேட்பது ஒன்றே. உங்கள் மண்ணைப் பற்றி எழுதியிருப்பதை, இன்றே, நீங்களே படித்துப் பாருங்கள். படிக்காத ஏடு, பகைவன் கை ஏடு. படித்த ஏடே நம் கை ஏடு!